தாலிக்கொடியில் ஏன் ஊக்கு தொங்குகிறது? பெண்களின் உடையும் செருப்பும் தவறவிட்ட அளவுகள்!

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் அக்காக்களில் யாரிடம் வேண்டுமானாலும், "ஒரு ஊக்கு இருக்குமாக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கை நேராகக் கழுத்துக்குப் போகும். தாலிக்கொடியிலோ, கவரிங் செயினிலோ கோத்து வைத்திருக்கும் இரண்டு, மூன்று ஊக்குகளில் ஒன்று கழன்று உங்கள் கைக்கு வரும்.

அந்த ஊக்கு எதற்கு? முந்தானை மடிப்பு நழுவாமல் இருக்க. ஜாக்கெட் கொக்கி பிய்ந்தால் மானத்தைக் காக்க. சுடிதார் துப்பட்டா தோளில் நிற்க. ரெடிமேட் குர்த்தியின் கழுத்து இறக்கமாக இருந்தால் இழுத்துப் பிடிக்க. நடு வழியில் ரப்பர் செருப்பின் வார் பிடுங்கிக்கொண்டால், அடியில் குத்தி வீடு வரை ஒப்பேற்ற. 1849-ல் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் இந்த ஊக்குக்குக் காப்புரிமை வாங்கி, அதை வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார். தமிழ்நாட்டுப் பெண்கள் அதை இத்தனை வேலைக்குப் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்திருந்தால் யோசித்திருப்பார்!

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், இந்த ஊக்கு ஒரு புகார்ப் பட்டியல். உடையைத் தைத்தவர், செருப்பைச் செய்தவர் விட்ட குறையை, அதை அணிகிறவர் தன் கையால் சரிசெய்துகொள்கிறார். ஆண்களின் கழுத்துச் சங்கிலியில் ஊக்கு தொங்குவதில்லை.

புடவைக்கு மேலே ஒரு ஆண் சட்டை

கள்ளக்குறிச்சி கரும்பு மாவட்டம். மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயப்பாளையத்தில் ஒன்று என இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இங்கே உள்ளன. வெட்டுக் காலத்தில் கரும்புத் தோட்டத்துப் பக்கம் போனால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். புடவைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டிருக்கும் பெண்கள். கணவரின் பழைய சட்டை, மகனின் பழைய சட்டை. தோள்பட்டை இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும், கை நீளத்தை மடித்து விட்டிருப்பார்கள்.

காரணம் எளிமையானது. கரும்புச் சோகை பிளேடு மாதிரி கையைக் கீறும். ஜாக்கெட் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். கட்டட வேலை, நூறு நாள் வேலை, களை எடுப்பு, பருத்தி எடுப்பு என்று எங்கே பார்த்தாலும் இதே சட்டைதான். வயல்வேலையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும், வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கென்று தைத்த மேலுடை கடைத்தெருவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அவர்களே வீட்டு அலமாரியில் இருந்து ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சட்டையில் இன்னொரு வசதி. அதில் பாக்கெட் இருக்கிறது! செல்போன், வெற்றிலைப் பொட்டலம், பஸ் காசு எல்லாம் அதற்குள்ளே போய்விடும்.

பாட்டிகள் காலத்தில் இந்தப் பிரச்னைக்கு இடுப்பில் ஒரு விடை இருந்தது, சுருக்குப்பை. காசு, பாக்கு, சாவி, பேரப்பிள்ளைக்கான மிட்டாய் என எல்லாம் அதில் அடங்கும். முந்தானை முடிச்சும் ஒரு பணப்பைதான். சுடிதாரும் லெக்கிங்ஸும் வந்தபோது சுருக்குப்பை போனது, அந்த இடத்துக்குப் பாக்கெட் வரவில்லை. செல்போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்ணிடம், "கீழே போட்டுடாதேம்மா" என்று அறிவுரை மட்டும் சொல்கிறோம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2018-ல் 'தி புட்டிங்' என்ற அமெரிக்க இணைய இதழ், 20 பிரபல பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை எடுத்து, பாக்கெட்டை அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட், ஆண்களுடையதைவிட சராசரியாக 48 சதவிகிதம் ஆழம் குறைவு. ஒரு பெண்ணின் கை முழுதாக நுழையும் பாக்கெட், பத்தில் ஒன்றில்தான் இருந்தது. கை நுழையாத பாக்கெட்டை எதற்குத்தான் தைக்கிறார்களோ!

பாக்கெட் இல்லாதது ஏதோ ஃபேஷன் சங்கடம் என்று நினைத்தால், ஒரு பத்தாம் வகுப்பு மாணவியிடம் கேட்க வேண்டும். கிராமப்புற வளரிளம் பெண்களுக்குத் தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்தில் இலவசமாக நாப்கின் வழங்குகிறது. இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஆண்டுக்கு 18 பாக்கெட். நல்ல திட்டம். ஆனால், வகுப்பில் இருந்து கழிப்பறைக்கு அந்த ஒற்றை நாப்கினை எப்படி எடுத்துப்போவது? பை வைக்காத சுடிதார் என்றால் துப்பட்டாவுக்குள், ஓவர்கோட்டுக்குள், நோட்டுப்புத்தகத்துக்கு நடுவே, தோழியின் கைமறைவில் என்று ஒளித்துத்தான் கொண்டுபோக வேண்டும். பக்கவாட்டுத் தையலில் ஒரு சாண் துணி சேர்த்தால் தீர்கிற விஷயம் இது. அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைப்பதில் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தைப்பவர்களும் பெண்களே. ஆனால், எதைத் தைக்க வேண்டும் என்ற டிசைன் மேலே இருந்து வருகிறது.

அளவு ஜாக்கெட் உண்டு, அளவு செருப்பு?

துணி விஷயத்தில் நம்மிடம் ஒரு பாதுகாப்பு இருந்தது. தெருமுனை டெய்லர். 'அளவு ஜாக்கெட்' கொடுத்தால் போதும், "போன தடவை கை கொஞ்சம் டைட்டுண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரியாகிவிடும். உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்திருப்பார், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். ரெடிமேடில் இந்தப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. ஒரு கம்பெனியின் எல் சைஸ், இன்னொரு கம்பெனியில் எக்ஸ்.எல். தோள் சரியாக இருந்தால் மார்பு பிடிக்கும், மார்பு சரியாக இருந்தால் இடுப்பில் கூடாரம்.

நம் ஆடைச் சந்தையில் புழங்கும் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய உடல் அளவுகளை ஒட்டி வந்தவை. இந்தியருக்கென்று தனி அளவு அட்டவணை உருவாக்க, மத்திய ஜவுளித்துறையின் ஆதரவுடன் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற ஆய்வைத் தொடங்கியது. சென்னை உட்பட ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையிலான சுமார் 25,000 பேரின் உடலை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது திட்டம்.

ஆனால், குர்த்தியாவது பரவாயில்லை. பிரித்துத் தைக்கலாம், பிடித்துத் தைக்கலாம், ஊக்கு குத்தலாம். செருப்பை என்ன செய்வது?

செருப்புக் கடையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் நம்பர் நீளத்துக்குச் சரியாக இருக்கும், சுண்டுவிரல் பக்கம் நெருக்கும். ஆறாம் நம்பர் அகலத்துக்குச் சரியாக இருக்கும், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி. "போடப் போட லூஸாகிடும் மேடம்" என்பார் விற்பனையாளர். லூஸாவதற்கு முன் கொப்புளம் வந்துவிடும். பேண்ட்-எய்டு ஒட்டிக்கொண்டு, "என் கால்தான் சப்பை" என்று தன்னையே நொந்துகொண்டு நடப்பவர்கள் எத்தனை பேர்!

கால் சப்பை இல்லை. எண் நம்முடையது இல்லை.

நாம் பயன்படுத்தும் செருப்பு நம்பர், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன இங்கிலாந்து அளவு. அதன் அடிப்படை ஒரு பார்லி மணி! மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்பது பழைய ஆங்கிலேயக் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஒரு மணி, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். கவனியுங்கள், எல்லாமே நீளக் கணக்கு. அந்த எண்ணில் அகலத்துக்கு இடமே இல்லை. அங்கே அகலத்துக்குத் தனியாக எழுத்துக் குறியீடு உண்டு. இங்கே வந்து சேர்ந்தது எண் மட்டும்தான்.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எல்.ஆர்.ஐ) இதைக் கையில் எடுத்தது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில், 5 முதல் 55 வயது வரையிலான 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் ஏற்றி அளந்தார்கள். இந்தியா பெரிய நாடு, வட்டாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது ஐந்து அளவு முறைகளாவது தேவைப்படும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். முடிவு வேறாக வந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு முறை போதும். அதைவிட முக்கியம், இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம்.

அகலத்துக்காக ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம் அல்லவா, அதில்தான் ஆபத்து. தட்டைச் செருப்பு என்றால் தட்டுத் தடுமாறலோடு போகும். ஹீல்ஸ் என்றால் பாதம் முன்னால் சறுக்கி விரல்கள் நசுங்கும், குதிகால் பின்னால் ஆடும், கணுக்கால் பிசகும். அளவில் பெரிய ஹை-ஹீல்ஸ் அணியும் பெண்கள் காயப்படும் வாய்ப்பை இந்த ஆய்வும் சுட்டிக்காட்டியது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது இன்னும் தீவிரம். உணர்ச்சி குறைந்த காலில் செருப்பு கடித்தது தெரியாமலே புண்ணாகி, தெரியும்போது ஆஸ்பத்திரியில் இருப்பார்கள்.

ஸ்கேனரில் தெரிந்த இன்னொரு செய்தி, பெண் குழந்தைகள் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. பெண் குழந்தையின் பாதம் வேகமாக வளர்வது 11 வயதை ஒட்டி. ஆண் பிள்ளைக்கு அது 15, 16 வயதில். அதாவது ஆறாம் வகுப்புச் சேர்க்கும்போது ஜூனில் வாங்கிய ஷூ, பொங்கலுக்குள் பாப்பாவுக்குப் பத்தாமல் போகலாம். "புது ஷூ வாங்கி ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ளயா?" என்று நாம் திட்டும் நேரத்தில், அது உண்மையிலேயே வலித்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தரவுகளை வைத்து 'பா' என்ற புதிய அளவு முறையை சி.எல்.ஆர்.ஐ முன்வைத்தது. 'பாரத்' என்பதன் முதல் எழுத்து. வயது வாரியாக எட்டுப் பிரிவுகள், அதில் ஏழாவது பிரிவு 14 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஒப்புதலுடன் 2025-ல் நடைமுறைக்கு வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கடை அலமாரியில் உள்ள பெட்டிகளில் ஒட்டியிருப்பது என்னவோ பழைய எண்தான்.

எந்த ஸ்கேனரிலும் வராத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மெட்டி! மணமான பெண்ணின் இரண்டாம் விரலில் ஒரு வெள்ளி வளையம் இருக்கும் என்று எந்த ஷூ அச்சும் கணக்குப் போடுவதில்லை. மூடிய ஷூவுக்குள் அது பக்கத்து விரலை அழுத்தும். கொலுசுத் திருகு சாண்டலின் பக்கிளில் மாட்டும். மருத்துவமனை, பள்ளி, கம்பெனி என்று ஷூ கட்டாயமான வேலைக்குப் போகிற பெண்கள், மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் மாமியார் பார்ப்பதற்குள் மாட்டிக்கொள்கிற சாமர்த்தியத்தைத் தனிக்கட்டுரையாகவே எழுதலாம்.

மலையில் நடக்கும் கால்கள்

நம் பாதம் ஏன் அகலம்? ஒரு பகுதி பிறப்பு, ஒரு பகுதி பழக்கம். பெங்களூரு பக்கத்தில் வெறுங்காலோடே வாழ்கிறவர்களின் பாதங்களையும், செருப்பு அணியும் இந்தியர்களின் பாதங்களையும், ஐரோப்பியர்களின் பாதங்களையும் ஒப்பிட்டு 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. வெறுங்காலில் நடப்பவர்களின் முன்பாதம் விரிந்து அகலமாக இருந்தது. 1992-ல் மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் கால்தடங்களைப் பார்த்தபோது, தட்டைப் பாதம் செருப்போ ஷூவோ அணியும் குழந்தைகளில் 8.6 சதவிகிதம், அணியாத குழந்தைகளில் 2.8 சதவிகிதம். மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அது அதிகம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளி பழங்குடிப் பெண்களின் கால்கள் இந்த ஆய்வுகள் பேசும் கால்களின் அக்கா தங்கைதான். சாமை, மரவள்ளிக் காட்டுக்குப் போக, விறகு கொண்டுவர, தார்ச்சாலை தொடாத பாதைகளில் ஏறி இறங்கிய பாதம், விரல் விரிந்து பாறையைப் பற்றிக்கொள்ளும். அந்தக் காலுக்குச் சந்தையில் கிடைப்பதோ, அடி தேய்ந்து வழவழப்பாகும் ரப்பர் செருப்பு அல்லது நகரத்து நடைபாதைக்காகச் செய்த, கல் பட்டுப் பசை விட்டுப்போகும் ஃபேன்சி சாண்டல். மழை நாளில் ஈரப் பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும் என்று தெரிந்தவர்கள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். தலையில் சுமை, கையில் செருப்பு!

அதற்காக வெறுங்காலே மேல் என்று சொல்லிவிட முடியாது. முள், பாம்பு, கொக்கிப்புழு மூன்றும் வெறுங்காலுக்காகவே காத்திருப்பவை. மலைப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஸ்வெட்டர், மழைக்கோட்டுடன் பூட்ஸும் தருவது அதனால்தான். கேள்வி, செருப்பு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. யாருடைய காலைப் பார்த்துச் செய்த செருப்பு என்பதுதான்.

உளுந்தூர்பேட்டையில் உலகச் செருப்பு

இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. உலகின் பெரிய விளையாட்டு ஷூ உற்பத்தியாளரான தைவானின் பௌ சென் குழுமம், தன் துணை நிறுவனமான ஹை குளோரி ஃபுட்வேர் மூலம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் ஆலை அமைக்க, 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 12 ஆண்டுகளில் 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. செய்யாறு, பர்கூர், பெரம்பலூர் என்று தமிழ்நாட்டில் தோல் அல்லாத ஷூ ஆலைகள் வந்த இடங்களில் எல்லாம் தையல் மெஷினில் உட்காருவது பெரும்பாலும் சுற்று வட்டார கிராமத்துப் பெண்கள். உளுந்தூர்பேட்டையிலும் அப்படித்தான் ஆகும்.

அதாவது, தன் காலுக்குப் பொருந்தும் ஷூ கடையில் கிடைக்காத பெண்கள், உலகத்தின் கால்களுக்கு ஷூ தைப்பார்கள்.

ஷூ செய்வதில் முதல் பொருள் தோலோ துணியோ இல்லை. கால் வடிவ அச்சு, தொழிலில் 'லாஸ்ட்' என்பார்கள். அதன் மேல்தான் ஷூவின் மேற்பகுதியை இழுத்து ஒட்டுவார்கள். இப்போது பிளாஸ்டிக், ஒரு காலத்தில் மரத்தில் செதுக்கினார்கள். (2021-ல் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கள்ளக்குறிச்சி. ஒரு நல்ல கால் அச்சு செதுக்க இங்கே கை இல்லாமலா போகும்?) ஏற்றுமதி ஷூவுக்கு அச்சு எங்கே இருந்து வருமோ, அந்த நாட்டுக் கால்தான் அதில் இருக்கும். உள்நாட்டுச் சந்தைக்கான ஷூவையாவது 'பா' அளவின் அகலத்தில் செய்தால், பாதி வலி குறையும். ஆனால் அச்சை மாற்றுவது என்பது ஒவ்வொரு சைஸுக்கும் புது அச்சு, புது வெட்டுக் கத்தி, புது முதலீடு. அளவு முறை மெதுவாக நகர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண்ணின் உடையைக் கணக்கில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பைக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. பின் சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் 'சாரி கார்டு'. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் பாதுகாப்பு கட்டாயம் என்கிறது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி. புடவையை மாற்றச் சொல்லாமல் வண்டியை மாற்றச் சொன்ன விதி! ஸ்டைலுக்காக அதைக் கழற்றிப்போடும் தம்பிகளுக்கு இது தெரிந்தால் நல்லது. கழற்றிய வண்டியில் அக்காவோ அம்மாவோ ஏறினால், துப்பட்டாவையும் முந்தானையையும் மடியில் சுருட்டி வைத்த பிறகே வண்டியை எடுங்கள்.

அதேபோல், ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்காக, கடைகளில் இருக்கை வசதி கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நின்றே வேலை செய்யும் கால் மாலைக்குள் வீங்கிவிடும், காலையில் பொருந்திய செருப்பு இரவில் கடிக்கும்.

செருப்பு வாங்கப் போவதும் அதனால்தான் மாலையில் இருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஒரு செய்தித்தாளில் இரண்டு பாதங்களையும் வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்காது, பெரியதைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தக் காகிதத்தைச் செருப்பின் அடிப்பாகத்தில் வைத்துப் பார்த்தால், பக்கவாட்டில் எவ்வளவு வழிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீளமான விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். எழுந்து நின்று, கடைக்குள்ளேயே நான்கு எட்டு நடந்து பாருங்கள். மெட்டியைக் கழற்றாமல் போட்டுப் பாருங்கள். "போடப் போட லூஸாகிடும்" என்று யாராவது சொன்னால், அடுத்த ஜோடியை எடுக்கச் சொல்லுங்கள்.